எர்மினியா கடை அஸ்வாங்

டாபுலான் மீன்துறையில் எர்மினியாவின் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு பேர் உண்டு. கை கழுவாமல் உட்கார்ந்தால் சோறு கிடைக்காது, தட்டில் மிச்சம் வைத்தால் திட்டு கிடைக்கும். இரண்டுக்கும் பயந்துகொண்டே படகுக்காரர்களும் ஜீப்னி வண்டி ஓட்டுநர்களும் வந்து மூக்கு முட்டத் தின்றுவிட்டுப் போனார்கள். அத்தனை பேரும் வந்தது அவளுடைய தினுகுவானுக்காக. பன்றிக்கறியை அதன் ரத்தத்திலேயே வேகவைத்து, பத்துவான் காயைப் போட்டுப் புளிப்பேற்றி, கன்னங்கரேலென்று கெட்டியாக இறக்குவாள். காபிஸ் மாகாணத்தில் வேறு எவளுக்கும் அந்தப் பக்குவம் வராது என்பது அவளுடைய சொந்தக் கருத்து. எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் இல்லை.

அந்தக் கடையில்தான் கலமான்சி திடீர் திடீரென்று தீர்ந்துபோக ஆரம்பித்தது. நெல்லிக்காய் அளவு பச்சை எலுமிச்சை அது. வறுத்த மீனுக்கும் நூடுல்ஸுக்கும் பிழிந்துகொள்ள ஒரு கிண்ணம் மேசையில் இருக்கும். சாயங்காலம் வரை வரும். இப்போது காலைச் சாப்பாடு முடிவதற்குள் காலி. எட்டிப் பார்த்தால், தினுகுவான் தின்கிறவன்கூட அதன் மேல் பிழிந்துகொண்டிருக்கிறான். ஏற்கெனவே புளித்த குழம்பில் இன்னொரு புளிப்பு! எர்மினியாவுக்கு அது சமையலுக்குச் செய்த அவமரியாதையாகப் பட்டது.

"ஏண்டா, என் குழம்புல புளிப்பு பத்தலையா? நாக்கு செத்துப்போச்சா உனக்கு?" என்று ஒரு ஓட்டுநரைக் கேட்டாள்.

அவன் இளித்தான். "சும்மாக்கா. விளையாட்டுக்கு."

பக்கத்து மேசையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் புரையேறிச் சிரித்தான். எர்மினியா கரண்டியை ஓங்கினாள். ஓங்கினாளே தவிர, என்ன விளையாட்டு என்று அவளுக்குப் புரியவில்லை.

அடுத்த வாரம் பிழிகிறவர்களும் குறைந்தார்கள். இலோய்லோ பஸ் நின்று போகும் நேரத்தில் கடை வாசலில் கூட்டம் கூடும்; உள்ளே மட்டும் வராது. கடைப் பலகையை ஃபோனில் படம் பிடிப்பார்கள். அடுப்பருகே நிற்கும் அவளைப் படம் பிடிப்பார்கள். ஒருத்தி பின்னால் திரும்பி நின்று, எர்மினியாவும் தன்னோடு தெரியும்படி எடுத்துக்கொண்டு, ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினாள். எர்மினியா முகத்தைத் துடைத்துப் பார்த்தாள். கரி ஏதும் இல்லை.

விஷயத்தைப் போட்டுடைத்தது சால்வே. அடுத்த கடையில் சிப்பி விற்கிறவள். எர்மினியாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே வகுப்பில் தோற்று, ஒரே நாளில் படிப்பை நிறுத்தியவள். ஓய்ந்த நேரமெல்லாம் ஃபோனில் விளையாடுவாள். அன்று வியாபாரம் இல்லாத மத்தியானத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மினியா, கோவிச்சுக்காதே. நான் உன்னை மூணு தடவை கொன்னுட்டேன்."

"என்னது?"

"நாலாவது தடவை நீ என்னைக் கொன்னுட்டே. அதுக்கு மேல போக முடியலடி. நாலு தடவை கொன்னாத்தான் அடுத்த கட்டம்."

ஃபோனை நீட்டினாள். ஒரு தீவு. அதில் இருட்டாக ஒரு மீன்துறை. கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடை. நீலப் பலகை, ஒடிந்த இடது மூலை, வாசலில் சங்கிலி போட்ட ஸ்டூல். அடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் நிற்கிறாள். உருண்டை முகம், மேலுதட்டில் மச்சம், காதுக்குப் பின்னால் செருகிய கரண்டி. கரண்டியை அப்படிச் செருகுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவள் இப்போது சால்வேயின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"கை கழுவிட்டு வந்து உட்காரு. மிச்சம் வைக்கக் கூடாது," என்றது ஃபோன், எர்மினியாவின் குரலில்.

விளையாடுகிறவன் உட்கார்ந்தால் ஒரு தட்டு வரும். அப்படியே தின்றால் செத்தான். பையில் கலமான்சி இருந்தால் எடுத்துப் பிழிய வேண்டும். பிழிந்ததும் கறித்துண்டுகள் மனித விரல்களாக மாறும். உடனே அந்தப் பெண்ணின் இடுப்பு பிய்ந்துகொள்ளும். கீழ்ப்பாதி அடுப்படியில் நிற்க, மேல்பாதி வௌவால் சிறகோடு கூரையைப் பிய்த்துக்கொண்டு பறக்கும். மேலே எழுத்து மின்னும்: அஸ்வாங், இருபதாம் நிலை.

எர்மினியா ஃபோனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதை யார் செஞ்சது?"

சால்வே சிப்பிக் கூடையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உனக்குத் தெரியாதா? நம்ம ரெனான் வேலை பார்க்கிற கம்பெனிதானேடி. பேரு போட்டிருக்கான். ஊருக்கே பெருமைன்னு எல்லாரும் சொல்றாங்க."

ரெனான் அவளுடைய செத்துப்போன அக்காவின் மகன். நடக்கத் தெரியாத வயதில் அவள் இடுப்பில் ஏறியவன். அவனுக்காகவே கல்யாணம் வேண்டாம் என்றாள். இந்த அடுப்பில் வெந்து அவனை இலோய்லோவில் கல்லூரி படிக்கவைத்தாள். போன வருடம் வந்தபோது கடை முழுக்கப் படம் எடுத்தான். "சும்மா பேசுங்க சித்தி, ஆளுங்களைக் கூப்பிடுற மாதிரியே கூப்பிடுங்க. ஞாபகத்துக்கு வச்சுக்கறேன்," என்று அவள் குரலைப் பதிவு செய்தான். மணிலாவில் தனியாக இருக்கிற பிள்ளை, சித்தி குரலைக் கேட்க ஆசைப்படுகிறான் என்று நினைத்து அன்று ராத்திரி அவள் கண் கலங்கியிருந்தாள். அந்தக் கண்ணீரை நினைத்துத்தான் இப்போது அதிகம் வயிறு எரிந்தது.

காபிஸ் மாகாணத்துக்காரிக்கு, மனித உருவில் ஊருக்குள் இருந்துகொண்டு ஆளைத் தின்கிற அஸ்வாங் என்பது கதையில் வருகிற சமாசாரம் இல்லை. முதுகில் ஒட்டிய சீட்டு. காபிஸ் என்றாலே அஸ்வாங் ஊர் என்று பேர்; எங்கே போனாலும் கூட வரும். எர்மினியா இளவயதில் மணிலாவில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போனாள். ஊர் எது என்று கேட்டார்கள், சொன்னாள். அந்த வீட்டுக்காரி சிரித்துக்கொண்டேதான் மறுநாள் குழந்தையின் தொட்டிலில் பூண்டு கட்டினாள். சிரித்துக்கொண்டேதான், சமைத்ததை எல்லாம் அவளையே முதலில் தின்னச் சொன்னாள். ஒரு நாள் விருந்துக்கு வந்த கிழவர் ஒருவர், அவள் பரிமாறிய தட்டில் கலமான்சியைப் பிழிந்துவிட்டு, கறி கறியாகவே இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அஸ்வாங் சமைத்த உணவானால் பிழிந்ததும் உண்மை உருவம் தெரிந்துவிடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த பரிசோதனை. அன்றே மூட்டையைக் கட்டிவிட்டாள். அந்தக் கதையை அவள் தன் வாயால் ஒரே ஒருவனுக்குத்தான் சொல்லியிருந்தாள். அவன் அதை விளையாட்டில் வைத்துவிட்டான்.

ஃபோன் போட்டாள். அவன் எடுத்ததும் குதூகலமாகத்தான் பேசினான்.

"சித்தி! பார்த்துட்டீங்களா? திருநாளுக்கு வந்து நேர்ல காட்டணும்னு வச்சிருந்தேன். எத்தனை லட்சம் பேர் விளையாடுறாங்க தெரியுமா? வெளிநாட்டுல எல்லாம் உங்க முகம்தான்!"

"என் முகத்துல வௌவால் றெக்கை எதுக்குடா?"

"அது வெளிநாட்டு வெளியீட்டுக்காரங்க கேட்டது. பறக்கலைன்னா சண்டை சுவாரசியமா இருக்காதுன்னாங்க. முதல்ல உங்களை இளமையா, ஒல்லியா மாத்தச் சொன்னாங்க சித்தி. நான்தான் ஒத்துக்கலை. உள்ளது உள்ளபடி இருக்கணும்னு சண்டை போட்டேன்."

"ஓஹோ. எனக்காகச் சண்டை வேற போட்டியா."

"இது நம்ம கதை சித்தி. நாம சொல்லலைன்னா மறந்துபோயிடும்."

அவ்வளவுதான். எர்மினியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எது மறந்துபோகும்? இதையா மறந்தாங்க? வைத்தியம் பார்க்கிற பொம்பளை கோயிலுக்கு வரலைன்னு சாமியாருக்குக் கோவம் வந்தா அவ அஸ்வாங். மலையில ஒளிஞ்சிருக்கிற கலகக்காரனைப் பயமுறுத்தி விரட்டணும்னா ராணுவக்காரனுக்கு ஒரு அஸ்வாங். படக்கதை விக்கணும், சினிமா ஓடணும், எல்லாத்துக்கும் காபிஸ்காரி. இதுவரைக்கும் வந்தவன் எல்லாம் வெளியாளுடா. எவனுக்கும் என் வீட்டு முகவரி தெரியாது. நீ முகவரியோட குடுத்திருக்கே!"

"சித்தி, யாரு இதை எல்லாம் நம்புறாங்க? வெறும் விளையாட்டு."

"யாரும் நம்பலை. யாரும் சாப்பிடவும் வரலை."

பிறகு ரெனான், முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றான். திருநாளுக்கு அந்த முதலாளியும் வருகிறார், நம் வீட்டில்தான் சாப்பாடு, நேரிலேயே பேசலாம் என்றான். படம் எடுக்க ஒரு பெண்ணும் வருகிறாள் என்பதைக் கடைசியில் மெதுவாகச் சொன்னான்.

வர வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. புனித ரோக் திருநாளன்று டாபுலானில் எந்த வீட்டுக் கதவும் சாத்தியிருக்காது. தெரிந்தவன், தெரியாதவன், வழிப்போக்கன், போன வருடம் சண்டை போட்டவன், யார் படியேறினாலும் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். போ என்று சொன்ன வீடு ஊரில் கிடையாது. ஒரு வீட்டு மேசையில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்பதை வைத்துத்தான் அந்த வீட்டின் மானம். எர்மினியா வீட்டில் ஒவ்வொரு வருடமும் படிக்கட்டு வரை வரிசை நிற்கும்.

இந்த வருடம் நிற்குமா என்பதுதான் இப்போது அவளுக்கு இருந்த ஒரே கேள்வி. ராத்திரியும் பகலும் அதுதான் ஓடியது. கடை படுத்தாலும் பரவாயில்லை, மூடிவிட்டு மீன் காயப்போடப் போகலாம். திருநாள் மேசை காலியாகக் கிடந்தால், அதற்குப் பிறகு அந்த ஊரில் அவள் எர்மினியா இல்லை. அஸ்வாங்தான்.

அதனால் எந்த வருடமும் இல்லாத அளவுக்குச் சமைத்தாள். முழுப் பன்றி ஒன்றைச் சுட்டாள். நண்டு, சிப்பி, பால்சோறு, வாழையிலையில் பொதிந்த பலகாரம். எல்லாவற்றுக்கும் நடுவில், வேண்டுமென்றே, பெரிய சட்டி நிறையத் தினுகுவான். வறுத்த மீனுக்கென்று ஒரு கிண்ணம் கலமான்சியும் வைத்தாள். அதை எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தாள். நான் ஏன் பயப்பட வேண்டும் என்று அங்கேயே வைத்துவிட்டாள்.

பூசை முடிந்து ஊர்வலம் கலைந்தது. பேண்டு வாத்தியம் தெருவைக் கடந்து போனது. எதிர் வீட்டில் சிரிப்பும் தட்டுச் சத்தமும் கேட்டன. எர்மினியா புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

வந்தார்கள். வரவில்லை என்று சொல்ல முடியாது. படகுக்காரர் ஒருவர் படியேறி வந்து, "இப்பத்தான் அண்ணன் வீட்டுல வயிறு நிறைய..." என்று வயிற்றைத் தடவிக் காட்டிவிட்டு ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு இறங்கினார். பழத்துக்குத் தோல் இருக்கிறதல்லவா, பத்திரம். ஆசிரியை ஒருத்தி, மருத்துவர் கொழுப்பு கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சொன்னாள். போன மாதம் வரை அதே ஆசிரியை பன்றித் தோலுக்காகச் சண்டை போட்டவள். சால்வேகூட வாசற்படியோடு நின்றாள்.

"உள்ள வாடி."

"வயிறு சரியில்லை மினியா. காலையில இருந்து மூணு தடவை..."

"மூணு தடவை என்னைக் கொன்னவதானே நீ. உனக்கு மூணுதான் கணக்கு."

சால்வேயின் முகம் சுண்டிப்போனது. போகவும் இல்லை, ஏறவும் இல்லை. படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் ரெனான் வந்தான். புதுச் சட்டை, புது மீசை. கூடவே முதலாளி எஸ்கலாந்தே. மணிலாவில் பிறந்து வளர்ந்தவர், பருத்த உடம்பு, நல்ல சிரிப்பு. அவர்களுக்குப் பின்னால் கேமராவோடு ஒரு பெண். தெருவில் நின்றவர்கள் கேமராவைப் பார்த்ததும் வாசலை நெருங்கினார்கள். சாப்பிட வராத கால்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும் தெம்பு வந்துவிட்டது.

"அம்மா, உங்களை நேர்ல பார்ப்பேன்னு நினைக்கவே இல்லை," என்றார் எஸ்கலாந்தே. அப்படியே உட்கார்ந்து, கை கழுவாமல் தட்டை இழுத்தார்.

"கை," என்றாள் எர்மினியா.

அவர் எழுந்து போய்க் கழுவிவிட்டு வந்தார். கேமராப் பெண் சிரித்தாள். பிறகு அவர் தின்ற அழகைப் பார்க்க வேண்டும். நண்டை உடைத்தார், பன்றித் தோலை நொறுக்கினார், தினுகுவானைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து வாய் நிறைய அடைத்துக்கொண்டார். இரண்டாவது தடவையும் தட்டை நீட்டினார். எர்மினியாவுக்கு அவர் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தே போனது. தின்கிறவனிடம் எப்படிக் கோபப்படுவது?

"நீயும் உட்காருடா," என்றாள் ரெனானிடம். அவளே தட்டில் சோறு போட்டாள். தினுகுவானை ஊற்றினாள். அவனுக்குப் பிடித்த, கொழுப்பு ஒட்டிய துண்டாகத் தேடி வைத்தாள். அத்தனை ஆத்திரத்திலும் கை அதை மறக்கவில்லை.

"சித்தி கையால சாப்பிட்டு ஒரு வருஷமாச்சு," என்று ரெனான் கேமராவைப் பார்த்துச் சொன்னான். முதலாளியிடம் திரும்பி, "சார், இந்தத் தட்டைத்தான் அப்படியே வரைஞ்சோம்," என்று ஏதோ நிறத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தான்.

பேச்சு பேச்சாக இருக்கும்போதே அவன் கை நீண்டது. கிண்ணத்திலிருந்து ஒரு கலமான்சியை எடுத்தது. தட்டின் மேல் பிழிந்தது. பேசிக்கொண்டிருந்த வாய் ஒரு நொடி நின்றது; கண் கீழே இறங்கி, கறித்துண்டைப் பார்த்துவிட்டு, மறுபடி மேலே வந்தது.

வாசலில் நின்றவர்கள் தட்டையே எட்டிப் பார்த்தார்கள். எதிர் வீட்டுத் தட்டுச் சத்தம்தான் கேட்டது.

தான் என்ன செய்தோம் என்பது ரெனானுக்கு அப்புறம்தான் தெரிந்தது. விரல்களுக்கு நடுவே பிழிந்த தோல் இருந்தது. அதைக் கீழே போடவும் தெரியாமல், வைத்துக்கொள்ளவும் தெரியாமல் விழித்தான்.

"என்ன தெரியுது?" என்றாள் எர்மினியா. கத்தவில்லை. இத்தனை நாள் கத்தியவள் இப்போது கத்தவில்லை. "நல்லாக் குனிஞ்சு பாரு. விரல் தெரியுதா?"

"சித்தி... இல்லை... பழக்கத்துல..."

"எந்தப் பழக்கத்துல? நடக்கத் தெரியாத வயசுல இருந்து என் கையால தின்னவன் நீ. தினுகுவானுக்குக் கலமான்சி பிழியிற பழக்கம் என் வீட்டுல எப்ப வந்தது?"

எஸ்கலாந்தே இதில் என்ன கோபம் என்று புரியாமல் மென்றுகொண்டே இருவரையும் பார்த்தார். "ஏன், விளையாட்டுல வர்ற மாதிரிதானே பிழிஞ்சான்?" என்றார்.

"நீங்க சாப்பிடுங்க. நீங்க மணிலாக்காரரு, எனக்கு யாரோ. ரெண்டு தட்டு தின்னுட்டீங்க, நல்லா இருங்க." ரெனானிடம் திரும்பினாள். "நீ எழுந்திரு."

"சித்தி, இன்னிக்குத் திருநாள்..."

"தெரியும். எழுந்திரு."

அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்தாள். டாபுலானில் திருநாளன்று சாப்பாட்டு மேசையிலிருந்து ஒருவனை எழுப்பிவிட்ட முதல் ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டும். தட்டோடு வாசலுக்கு நடந்தாள். கூட்டம் பின்வாங்கியது. படியில் உட்கார்ந்திருந்த சால்வேயின் முன்னால் தட்டை நீட்டினாள்.

"பரிசோதனை எல்லாம் முடிஞ்சுது. பிழிஞ்சு பார்த்தாச்சு. கறி கறியாத்தான் இருக்கு. தின்னா தின்னு. இல்லைன்னா எழுந்து போயிடு, இனி என் படியில உட்காராதே."

சால்வே தட்டை வாங்கினாள். கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு அங்கேயே, படியிலேயே, எல்லோரும் பார்க்க, ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். கண்ணில் நீர் வந்தது.

"தூ, ஒரே புளிப்பு," என்றாள். "சனியன் பிடிச்சவன், நல்ல குழம்பைக் கெடுத்துட்டான்." சொல்லிக்கொண்டே அடுத்த கவளத்தை எடுத்தாள்.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வாழைப்பழம் தின்ற படகுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு செருப்பைக் கழற்றினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எர்மினியா விலகி வழிவிட்டாள். வாங்க என்று சொல்லவில்லை.

"கை கழுவிட்டு உட்காருங்க," என்று மட்டும் சொன்னாள்.

ரெனான் அடுப்படிப் பக்கம் அவள் பின்னாலேயே வந்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிவிட்டு வருவானே, அதே முகம்.

"நாளைக்கே எடுத்துடறேன் சித்தி. சார்கிட்ட நான் பேசறேன், அவர் கேக்கலைன்னா வேலையை விட்டுடறேன். கடையை எடுத்துடறேன், குரலை எடுத்துடறேன், முகத்தை மொத்தமா எடுத்துடறேன். ஒண்ணும் இருக்காது, சத்தியமா."

எர்மினியா சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் காதுக்குப் பின்னால் செருகப் போனவள், செருகாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"விளையாட்டுல இருந்து என்னை எடுத்துடுவே. உன் கையில இருந்து எப்படிடா எடுப்பே?"

அவன் கையைப் பார்த்துக்கொண்டான். எர்மினியா சட்டியைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனாள்.